நோ டிஸ்க்

"நோ டிஸ்க்" என்றது அந்தப் பெட்டி.

ஜெயபாலன் சீடியை வெளியே எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தார். மறுபடியும் உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கினார். பெட்டிக்குள் ஏதோ உறுமியது, கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு பச்சை எழுத்தில் அதையே திரும்பவும் சொன்னது.

"எப்பலேர்ந்து இப்படி சொல்லுது?" என்று கேட்டார், காய்ச்சல்காரனை விசாரிக்கும் டாக்டரைப் போல.

"பத்து நாளா இதையேதாண்ணே சொல்லுது. உள்ளதான் வச்சிருக்கோம், இல்லைன்னா எப்படி?" என்றார் வைரவன்.

வைரவன் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். பிளேயரை ஒரு குழந்தையைத் தூக்கி வருவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சனிக்கிழமை காலையில எங்க அக்கா மகளுக்கு நிச்சயம்ணே. நாதஸ்வரக்காரங்க எல்லாரும் அன்னிக்கி வேற கல்யாணத்துக்குப் போறாங்க. அதான் மெட்ராஸ்லேர்ந்து இந்தச் சீடிய வரவழைச்சோம். இது ஒன்னுதான் இருக்கு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாசப்படி ஏறும்போது மேளம் கேக்கணும். கேக்குமாண்ணே?"

அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். மலாக்காவின் கஜா பெராங்கில் ஜெயபாலன் ரேடியோக் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. ரேடியோ, கேசட், கோயில் ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் மூடியைத் திறக்காமல் மோந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் சீடி பிளேயர் ஒன்றின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்பதை அந்தச் செவ்வாய்க்கிழமை வரை அவர் கண்ணால் கண்டதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இதெல்லாம் ஒரு வேலையாங்க? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க, பாட வச்சே குடுக்குறேன்" என்றது வாய்.

வைரவன் கண்கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரையை விலக்கிக்கொண்டு மனைவி கமலவேணி வந்தாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"கேசட்டுக்கு அண்ணன் இது, அவ்வளவுதான். தம்பிகூட இருபது வருசமா பழகியிருக்கேன், அண்ணன் என்ன பெரிய அண்ணன்?"

"அண்ணன் உங்களோட பேசணுமே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மூடியைக் கழற்றியதும் ஜெயபாலனுக்கு முதல் அதிர்ச்சி. உள்ளே எதுவுமே இல்லை. கேசட் என்றால் சக்கரம் இருக்கும், நாடா ஓடும், நாடாவைப் படிக்கிற தலை இருக்கும். இங்கே நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிப் பொட்டு மட்டும், கொசுவின் கண்ணைப் போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுதான் கண்ணு. கண்ணுல தூசி. வேற ஒன்னும் இல்ல" என்று முடிவு செய்தார்.

காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்து, கேசட் தலையைத் தேய்க்கிற அதே வேகத்தில் தேய்த்தார். பிறகு சீடியைப் போட்டார். முன்பாவது அது உறுமிவிட்டு நோ டிஸ்க் என்றது. இப்போது உறுமவும் இல்லை. நேராக நோ டிஸ்க்தான். குச்சியைப் பார்த்தார். நுனியில் இருந்த பஞ்சைக் காணவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ராஜரத்தினம் பிள்ளை, பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பியோடு வந்து சேர்ந்தார். மலாக்காச் செட்டி வம்சத்துக்காரர். பல தலைமுறையாகக் கஜா பெராங்கில் இருக்கிற குடும்பம். வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். சாமி பேரும் சொந்தக்காரர் முறையும்தான் தமிழில் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை பத்து மணிக்கு ஜெயபாலன் கடைக்கு வந்து யோசனை சொல்வதை ஒரு வேலையாக வைத்திருந்தார்.

"சுடா மாத்தி?" என்றார் பெட்டியைப் பார்த்து. செத்துவிட்டதா என்று விசாரணை.

"பெலும் லா, அங்கிள்" என்றார் ஜெயபாலன். இன்னும் இல்லை.

பிள்ளை சீடியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கோளாறு பெட்டியில் இல்லை, சீடியில் கீறல் விழுந்திருக்கிறது, அதற்குக் கைகண்ட மருந்து ஒன்று உண்டு என்று மலாயில் விளக்கினார். "ஊபாட் கீகி!"

"பற்பசையா?"

பிள்ளை ஆமாம் என்று தலையாட்டினார். சிங்கப்பூரில் அவருடைய மைத்துனர் கைக்கடிகாரக் கண்ணாடியை அப்படித்தான் பளபளப்பாக்கினாராம். கடிகாரத்துக்கு நல்லதென்றால் சீடிக்கும் நல்லதுதானே?

பற்பசை வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தேய்த்தார்கள். கண்ணாடி போல இருந்த சீடி, பனிமூட்டத்துக்குப் பின்னால் போன நிலா மாதிரி ஆயிற்று. கடை முழுவதும் புதினா வாசம்.

தேநீர் கொண்டு வந்த கமலவேணி மோப்பம் பிடித்தாள். விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"பல்லு வெளக்கி விட்டாச்சு. இனிமே பசியாற வேண்டியதுதான் பாக்கி" என்றாள்.

"நீ உள்ள போ."

புதன்கிழமை ஜெயபாலன் கண்ணாடிப் பொட்டின் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்குரூவைக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கேசட்டில் பாட்டு மந்தமாகக் கேட்டால் தலைக்குப் பக்கத்து ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்புவார்கள், குரல் தெளிந்துவிடும். அந்த ஸ்குரூவுக்கு உறவுக்காரன்தான் இவன் என்று அவருக்குப் பட்டது. கால் சுற்று திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. அரைச் சுற்று திருப்பினார்.

சீடி சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் அரவை இயந்திரம் மாதிரி. மேசை அதிர்ந்தது. மேசையில் இருந்த மூன்று ரேடியோக்களும் கூடவே ஆடின. ஜெயபாலன் நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். அப்போதும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் நின்றது.

"வா, குவாட்!" என்று பிள்ளை கைதட்டினார். என்ன பலம் என்ன பலம் என்று அர்த்தம். அவரைப் பொறுத்தவரை இது நல்ல முன்னேற்றம்.

அதற்குப் பிறகு சீடியை வைக்கிற தட்டு திறக்க மறுத்தது. சீடி உள்ளே மாட்டிக்கொண்டது. உலகத்திலேயே அவர்களுக்கு இருந்த ஒரே சீடி. வியாழக்கிழமை மதியம் வரை ஜெயபாலன் சாப்பிடாமல் அதோடு போராடி, கடைசியில் காரணத்தைப் பிடித்துவிட்டார். தட்டை இழுக்கிற சின்ன ரப்பர் பட்டை அறுந்து கிடந்தது. அந்த ஓட்டத்தில் போயிருக்க வேண்டும். அந்த அளவில் பட்டை அவரிடம் இல்லை. கமலவேணி பாசாரிலிருந்து வாங்கி வந்த கங்கோங் கீரைக் கட்டில் ரப்பர் இருந்தது.

"ஒன்னு போதுமா?" என்று பிள்ளையிடம் கேட்டார்.

இரண்டு போட்டால் உறுதி என்றார் பிள்ளை.

இரண்டு போட்டார். பொத்தானை அமுக்கினார்.

பல்லி நாக்கை நீட்டுவது போலத் தட்டு வெளியே பாய்ந்தது. அதிலிருந்த சீடி அங்கே நிற்காமல் கிளம்பியது. பிள்ளையின் காதோரமாக விர்ரென்று போய், திரையின் இடுக்கில் நுழைந்து, வீட்டுக்குள் மறைந்தது.

உள்ளே "ஐயோ!" என்று ஒரு சத்தம்.

கமலவேணி இரண்டு விரலால் சீடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதிலிருந்து சிவப்பாகச் சொட்டியது.

"மெட்ராஸ் சீடி மொளகா சம்பால் சட்டியில விழுந்திருக்கு. எடுத்துக் கழுவட்டுமா, இல்ல தாளிச்சி இறக்கட்டுமா?"

பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு அவளே கழுவி, தன் பழைய பட்டுத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். ஜெயபாலன் அதைப் போட்டுப் பார்த்தார். பெட்டி இந்த முறை நோ டிஸ்க் என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு சின்னக் கோடுகளை மட்டும் காட்டியது. அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டது போல.

வெள்ளிக்கிழமை காலை வைரவன் போன் செய்தார்.

"அண்ணே, எப்படி இருக்கு?"

"முடிஞ்சிருச்சிங்க. கடைசியா ஒரு டெஸ்டிங், அவ்வளவுதான்."

"பந்தல் போட்டாச்சுண்ணே. ஸ்பீக்கர்கூட கட்டியாச்சு. பொண்ணு நாலஞ்சு தடவ கேட்டுருச்சி, மேளம் வந்திருச்சா மாமான்னு."

"வந்துரும்னு சொல்லுங்க."

போனை வைத்தபோது கமலவேணி எதிரில் நின்றிருந்தாள்.

"மாணிக்கண்ணன்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க."

கடையில் அந்தப் பேரை யாரும் சொல்லி எட்டு வருடம் ஆகியிருந்தது.

மாணிக்கவாசகமும் ஜெயபாலனும் ஒரே சீனத் தவுக்கே முதலாளியிடம் ஒரே மேசையில் தொழில் கற்றவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எட்டு வருடத்துக்கு முன் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு விசேஷத்துக்கு ஜெயபாலன் மைக் கட்டினார். மைக் பன்றி மாதிரி கத்தியது. மாணிக்கவாசகம் நடுக்கூட்டத்தில் எழுந்து, "டேய், உனக்கு வால்வு ரேடியோவோட எல்லாம் முடிஞ்சி போச்சுடா" என்று சொல்லிவிட்டார். நாற்பது பேர் சிரித்தார்கள். ஜெயபாலன் மைக்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றோடு சரி. மாணிக்கவாசகம் உஜோங் பாசிரில் ஏர்கான் வைத்த கடை திறந்தார். சுவரில் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி. ஜெயபாலன் உஜோங் பாசிர் பக்கமே போவதில்லை.

"அவன் கடப் படி ஏறுறதுக்குப் பதிலா இந்தப் பெட்டிய நான் முழுங்கிருவேன்."

"முழுங்குங்க. நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வரும்போது அந்த வாசல்ல போய் நின்னு நீங்களே பாடுங்க."

ஜெயபாலனின் கண்முன்னால் ஒரு வாசல் வந்தது. பந்தல், மாவிலை, பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண். மாப்பிள்ளை வீட்டார் படி ஏறுகிறார்கள். மேளம் இல்லை. இருபது பேர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. வைரவன் யாரையும் திட்டத் தெரியாமல் நிற்கிறார்.

"அங்கிளக் கூப்பிடு" என்றார் மெதுவாக.

திட்டம் எளிமையானது. பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போவார். தன் பெட்டி என்று சொல்வார். ஜெயபாலன் முகம் மறைக்கிற ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நிற்பார். மாணிக்கவாசகம் என்ன செய்கிறார் என்று கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும்.

மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். பின்னால் பிள்ளை பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தார். உஜோங் பாசிர் போகும் வழியில் ஒரு குழி, அதைத் தவிர்க்கப் போய் அதைவிடப் பெரிய குழி. மோட்டார் எகிறியது. பிள்ளை எகிறினார். பெட்டி பிள்ளையைவிட உயரமாக எகிறி, திரும்பி அவர் மடியிலேயே வந்து விழுந்தது. உள்ளே ஏதோ கழன்று உருளுகிற சத்தம் கேட்டது.

"மாசே அடா!" என்று பிள்ளை பின்னாலிருந்து தைரியம் சொன்னார். பெட்டி இன்னும் இருக்கிறதாம்.

மாணிக்கவாசகத்தின் கடையில் அவருடைய மனைவி ருக்மணிதான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெட்டியை மேசையில் வைத்தார். ருக்மணி அதை உற்றுப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்பா ரோசாக், அங்கிள்?" என்று என்ன கோளாறு எனக் கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. பிள்ளைக்கு மூன்று நாளாக இந்தக் கதையைச் சொல்ல ஆளே கிடைக்கவில்லை. பஞ்சுக்குச்சியில் தொடங்கினார். பற்பசையைச் சொல்லும்போது சிங்கப்பூர் மைத்துனரையும் சேர்த்துக்கொண்டார். சீடி சுற்றிய வேகத்தைக் கையைச் சுழற்றிக் காட்டினார். ஜெயபாலன் பின்னாலிருந்து அவர் காலை மிதித்தார். பிள்ளை காலை நகர்த்திக்கொண்டு கீரைக் கட்டு ரப்பருக்குப் போனார். சம்பால் சட்டி வந்தபோது ருக்மணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஜெயபாலண்ணே, ஹெல்மட்டக் கழட்டுங்க. வேர்த்து ஊத்துது பாருங்க."

"யாரு ஜெயபாலன்?" என்றது ஹெல்மட், வேறு குரலில்.

"வெளியில நிக்கிற மோட்டார்ல 'ஜெயபாலன் ரேடியோ'ன்னு பெருசா எழுதியிருக்குண்ணே."

ஜெயபாலன் ஹெல்மட்டைக் கழற்றினார். கடைக்குள் ஏர்கான் நன்றாகத்தான் இருந்தது. சுவரில் சான்றிதழும் இருந்தது.

"மாணிக்கம் இல்லையா?"

"இல்லண்ணே. வெளியூர் போயிருக்காரு" என்றாள் ருக்மணி கொஞ்சம் சத்தமாக.

கடைக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. பெருவிரல் சற்று வளைந்த கால்கள். ஒரே மேசையில் பல வருடம் உட்கார்ந்தவர் அந்தக் கால்களை மறப்பாரா? ஜெயபாலன் பார்க்கிறார் என்று தெரிந்ததும் கால்கள் இரண்டடி பின்னால் போயின.

என் முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார் ஜெயபாலன். திரும்பிப் போய்விடலாமா என்று கால் எழுந்தது. மணி மூன்றரை. அந்தப் பெண் இன்னொரு தடவை மாமாவைக் கேட்டிருப்பாள்.

அவர் ருக்மணியிடம் பேசினார். ஆனால் திரையைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, எனக்கு இது தெரியல. ரேடியோ தெரியும். கேசட் தெரியும். இது தெரியலன்னு வாயத் தெறந்து சொல்லத் தெரியாம மூனு நாளு இதக் கொன்னு எடுத்துட்டேன். நாளைக்கு ஒரு பொண்ணுக்கு நிச்சயம். என் மேல உள்ள கோவத்த அந்தப் புள்ள மேல காட்ட வேணாம்னு மாணிக்கத்துகிட்ட சொல்லு. இதச் செய்யத் தெரிஞ்ச ஆளு மலாக்காவுலயே அவன் ஒருத்தன்தான்."

திரைக்குப் பின்னால் யாரோ இருமலை அடக்கினார்கள்.

ருக்மணி பிளக்கைச் செருகினாள். பொத்தானை அமுக்கினாள். தட்டு வந்தது, மரியாதையாக, மெதுவாக. சீடியை நேராக வைத்தாள். தட்டு உள்ளே போனது. உறுமல் கேட்டது. பச்சை எழுத்து எரிந்தது.

பாட்டு எண் ஒன்று என்று காட்டியது.

அடுத்த நொடி நாதஸ்வரமும் தவிலும் கடையைத் தூக்கிக்கொண்டு போயின. கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் அதிர்ந்தது. பிள்ளை சட்டென்று கைகூப்பி "சாமி!" என்றார். எதிர்ப்புற மீ நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனத் தம்பதி, மணப்பெண் எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள். பஞ்சு எந்தக் குழியில் உதிர்ந்ததோ, இரண்டாவது ரப்பர் எந்தக் குழியில் கழன்றதோ, ஸ்குரூ எந்தக் குழியில் சரியான இடத்துக்குத் திரும்பியதோ, அது அந்தப் பெட்டிக்குத்தான் வெளிச்சம்.

ஜெயபாலன் வாயைப் பிளந்தபடி நின்றார். ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், "எப்படிடா, பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து வெளியே போயிருக்கலாம். எட்டு வருடத்துக்கும் சேர்த்துச் சிரித்திருக்கலாம். அதற்குள் எல்லாவற்றையும் கொட்டியாகிவிட்டது.

திரை விலகியது. கைலியும் பனியனுமாக, நெற்றியில் ஏற்றிய மூக்குக் கண்ணாடியோடு மாணிக்கவாசகம் வந்தார். ஜெயபாலனைப் பார்க்கவில்லை. பேயைப் பார்ப்பவர் போலப் பெட்டியையே பார்த்தார்.

"ஓடுது" என்றார்.

"ஓடுது" என்றார் ஜெயபாலன்.

எட்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. தவில் மட்டும் விடாமல் பொழிந்துகொண்டிருந்தது. பிள்ளை இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ருக்மணி சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மேளத்துக்கு மேலாகக் கத்தினாள்:

"அண்ணே, ஒரு வாரம் இங்க இதோட மல்லுக்கட்டிட்டு முடியாம, 'இதச் செய்யத் தெரிஞ்ச ஆளு மலாக்காவுலயே ஜெயபாலன் ஒருத்தன்தான், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க'ன்னு அந்த வைரவன உங்க கடைக்கு அனுப்பி வச்சதே இவருதான்!"